நீர்வழிக் கரையில் அடுக்குமாடி: படித்தளத் தோட்டங்களால் யாருக்கு என்ன பயன்?

கரையோரவாசி எழுதியது:

சிங்கப்பூரில் பொங்கோல் நீர்வழியின் ஓரமாக மாலை நடை செல்லும்போதெல்லாம் வாட்டர்வே டெரசஸ் குடியிருப்பை அண்ணாந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணை, கம்போங் எனும் கிராமத்து வீடுகள் என்றிருந்த வடகிழக்கு மூலையை நகராக்கும் ‘பொங்கோல் 21’ திட்டம் 1996இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே வந்த ஆசிய நிதி நெருக்கடியில் அது தேங்கி நின்று, 2007இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. பொங்கோல், சிராங்கூன் ஆறுகளின் முகத்துவாரங்களை அடைத்து உருவாக்கிய இரண்டு நீர்த்தேக்கங்களையும் இணைக்க 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தை வெட்டி, 2011 அக்டோபரில் நீர்வழியைத் திறந்தார்கள். கரையில் பிறகு எழுந்த வீடுகளுக்கு இந்த நீரே முகவரியாகிவிட்டது.

வாட்டர்வே டெரசஸ், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நடத்திய போட்டியில் தேர்வான வடிவமைப்பு. குரூப்8ஏஷியா, ஏடாஸ் என்ற இரண்டு கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து செய்தவை அந்த வரைபடங்கள். மலைச்சரிவில் நெல் வயல்கள் படிப்படியாக இறங்குவதைப் போலக் கட்டடங்களும் பின்னால் உயர்ந்து நின்று நீரை நோக்கி இறங்குகின்றன. தரைப்படத்தில் பார்த்தால் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோண முற்றங்கள் தெரிகின்றன. பார்வைக்கு இதமாகத்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

என் ஐயம் வேறு. இதே எண்ணிக்கையிலான வீடுகளை நான்கைந்து நேரான கோபுரங்களில் அடுக்கிவிட்டு, மிச்சப்படும் தரை முழுவதையும் ஒரே தோட்டமாக விட்டிருக்கலாமே. ஒவ்வொரு படியிலும் ஒரு தளம், ஒவ்வொரு தளத்திலும் மண், செடி, வடிகால் என்று உயரத்தில் ஏற்றிவைப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது? துறை அறிந்தவர்களும் அங்கே குடியிருப்பவர்களும் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

•

வரைபலகை எழுதியது:

நல்ல கேள்வி. நீரோர முன் வரிசை வீட்டிலிருந்து இதற்கு விடை தேடினால் கிடைக்காது; பின் வரிசையிலிருந்து தேட வேண்டும்.

நீரோரத்தில் உயரமான கட்டடத்தைச் சுவர்போல நிறுத்தினால், முன் வரிசையில் இருப்பவருக்கு முழு நீரும் கிடைக்கும். பின்னால் இருப்பவருக்கு முன் வீட்டுக்காரர் துணி உலர்த்தும் கம்பங்கள்தான் கிடைக்கும். காற்றுக்கும் இதே கதி. முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்தால், பின்னால் இருக்கும் வீடு முன்னால் இருக்கும் வீட்டின் தலைக்கு மேலாகப் பார்க்கிறது. நீர்ப் பரப்பைத் தொட்டு வரும் காற்றும் மோதித் திரும்பாமல் ஏறிச் செல்கிறது. படியமைப்பின் முதன்மைப் பயன் இதுவே என்பது என் கருத்து. தோட்டம் அந்த வடிவத்தின் உபரி: படி இறங்கும் இடத்தில் ஒரு கூரை வெளிப்படுகிறது, அதை வெறும் சிமெண்டாக விடுவதா, பயன்படுத்துவதா என்பதுதான் அடுத்த கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீர்வழி ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காகச் செல்கிறது. ஆகவே நீரை நேராகப் பார்க்கும் வீடு வடக்கையோ தெற்கையோ பார்க்கும். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் இருக்கும் ஊரில் இது பெரும் வாய்ப்பு, ஏனெனில் இங்கே வீட்டைச் சுடவைப்பது காலை வெயிலும் மாலை வெயிலும்தான். ஆனால் அறுகோணத்துக்கு ஆறு பக்கம். எல்லாப் பக்கமும் வடக்கையும் தெற்கையும் பார்க்க முடியாது. சில பக்கங்கள் சாய்வாக மேற்கை வாங்கிக்கொள்ளும். முற்றம் அழகாக வர வேண்டும் என்பதற்காகச் சிலருடைய படுக்கையறையில் மாலை வெயிலை இறக்குவது நியாயமா என்று நான் வரைபடம் போடும் ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். முற்றத்தின் எதிர்ப்பக்கத்துச் சமையலறையில் பாத்திரம் விழுந்தால் நம் வீட்டில் கேட்பதும் மூடிய முற்றத்தின் குணம்தான்.

நேரான கோபுரமும் தரைத் தோட்டமும் மலிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பதாம் மாடிக்காரர் தரைத் தோட்டத்துக்கு எத்தனை முறை இறங்குகிறார் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

•

மேற்பார்வையாளர் எழுதியது:

நான் நீர்க்காப்பு வேலையில், அதாவது கூரையும் தளமும் ஒழுகாமல் காக்கும் வேலையில், பல ஆண்டுகளாக இருப்பவன். வரைபலகை ஐயா ‘உபரி’ என்று ஒரே சொல்லில் தாண்டிப்போன கூரைதான் எங்களுக்குச் சோறும் போடுகிறது, தூக்கத்தையும் கெடுக்கிறது.

முதலில் எடை. வீட்டுத் தளத்தில் ஆள், மேசை, கட்டில் எல்லாவற்றுக்குமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில் கணக்கிடுவது வழக்கம். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.8 டன். புதர்ச்செடிக்கு 60 சென்டிமீட்டர் மண் போட்டால் சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டிவிடும். நிழல் தரும் மரம் வேண்டும் என்றால் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம் தேவை. அந்த எடையைத் தாங்கும் தூண், கீழே குடியிருப்பவரின் கூடத்துக்குள்தான் இறங்கும். ‘இங்கே பிறகு மரம் வைத்துக்கொள்ளலாம்’ என்று குடியேறிய பின் தீர்மானிக்க முடியாது. தூண் போடும்போதே தீர்மானித்திருக்க வேண்டும்.

அடுத்தது ஒழுகல். தளத்தின் மேல் நீர்க்காப்புப் படலம், அதன் மேல் வேர்த்தடுப்பு, பிறகு வடிகால் தட்டு, வடிகட்டும் துணி, அதற்குப் பிறகுதான் மண். படலம் சுவரோரமாக மண் மட்டத்துக்கு மேல் குறைந்தது 150 மில்லிமீட்டராவது ஏறி நிற்க வேண்டும். மண் போடுவதற்கு முன் தளத்தில் நீரைக் கட்டி ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்துச் சோதிப்போம்.

நான் வேலை பார்த்த ஒரு குடியிருப்பில் இந்தச் சோதனை எல்லாம் பிசிரின்றி முடிந்தது. மூன்று மாதம் கழித்துக் கீழ்வீட்டுப் படுக்கையறையில் மஞ்சள் கறை விழுந்தது. கறைக்கு நேர் மேலே தோண்டினோம், ஒன்றுமில்லை. பக்கத்தில் தோண்டினோம், ஒன்றுமில்லை. ஏழெட்டு மீட்டர் தள்ளி, கொடிப்பந்தல் அமைக்க வந்தவர் கால் நிறுத்துவதற்காகத் தளத்தில் நான்கு துளை போட்டு ஆணி இறக்கியிருந்தார். துளை வழியே இறங்கிய நீர் படலத்துக்கு அடியிலேயே ஊர்ந்துபோய், காங்கிரீட்டில் எங்கே மெல்லிய வெடிப்பு இருந்ததோ அங்கே சொட்டியது. நான்கு ஆணிக்காக அந்தத் தோட்டத்தில் பாதியை வாரி வெளியே போட்டோம். செடி வைத்துப் பராமரித்த பெரியவர் ஒருவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், எதுவும் பேசவில்லை.

ஆகவே என் யோசனை எளிமையானது. மண்ணைப் படுக்கையறையின் மேல் வைக்காதீர்கள். கார்களின் மேல் வையுங்கள். பொங்கோலிலேயே டிரீலாட்ஜ் குடியிருப்பு இருக்கிறது. 2010இல் முடிந்தது, 712 வீடுகள். கார் நிறுத்தத்தைக் கீழே வைத்து அதன் கூரை முழுவதையும் தோட்டத் தளமாக்கி, அதைச் சுற்றிப் புளோக்குகளை, அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களை, எழுப்பினார்கள். கார் மேல் சொட்டினால் யாரும் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் அழைக்க மாட்டார்கள்.

•

பதினோராம் மாடி எழுதியது:

நான் வடிவமைப்பாளரும் இல்லை, பொறியாளரும் இல்லை. பதினோராம் மாடியில் குடியிருந்துகொண்டு பொதுத் தோட்டத்தில் ஆறு ஆண்டுகளாகச் செடி வளர்ப்பவள். மேலே எழுதிய மூவரும் தோட்டத்தை வெளியிலிருந்தும் கீழிலிருந்தும் பார்த்திருக்கிறீர்கள். உள்ளிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது குழாய்.

எங்கள் தோட்டத்தில் முதல் ஆண்டு குழாய் இருந்தது, அதைத் திறக்கும் பிடி இல்லை. பிடியைக் கழற்றித் துப்புரவு ஊழியர் தம்மிடம் வைத்திருந்தார். காலையில் அவர் வேலை முடிந்து போய்விட்டால் நீரும் போய்விடும். நாங்கள் எண்ணெய் டப்பாக்களில் வீட்டிலிருந்து நீர் பிடித்து மின்தூக்கியில் கொண்டுபோனோம். மின்தூக்கித் தரையில் நீர் சிந்துகிறது என்று புகார் போனது. புகார் கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய தாயார் ஊன்றுகோலோடு நடப்பவர். ஆனால் அந்த ஒரு குழாய்ப் பிடியால் பன்னிரண்டு பேர் ஐந்து பேராகக் குறைந்தோம். பிறகு ஒரு பிடி எங்களிடமும் வந்தது. செடிகள் அதன் பிறகுதான் பிழைத்தன.

இரண்டாவது, வழி. அன்றாடம் மின்தூக்கிக்குப் போகும் தாழ்வாரத்திலேயே தோட்டத்தின் வாசல் இருந்தால் போகிறபோக்கில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போடுவோம். கதவைத் திறந்து, ஒரு மாடி ஏறி, இன்னொரு கதவைத் தள்ளிப் போக வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவோம், பிறகு அதுவும் நின்றுவிடும்.

மூன்றாவது, எத்தனை வீட்டுக்கு ஒரு தோட்டம் என்பது. டாசனில் ஸ்கைவில் என்ற 47 மாடிக் குடியிருப்பில் என் நாத்தனார் இருக்கிறார். மொத்தம் 960 வீடு. எண்பது எண்பது வீடாகப் பிரித்து, ஒவ்வொரு எண்பதுக்கும் ஒரு பொதுத் தளமும் தோட்டமும் கொடுத்திருக்கிறார்கள். எண்பது வீடு என்றால் முகம் தெரியும். என்னுடைய கறிவேப்பிலைச் செடியில் யாரோ கொத்தாக ஒடித்துக்கொண்டு போனால், யார் வீட்டில் அன்றைக்கு மீன் குழம்பு என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவரே சிரித்துக்கொண்டு ஒரு கிண்ணம் கொண்டுவருவார். ஆயிரம் வீட்டுக்கு ஒரே தோட்டம் என்றால் அதற்குப் பெயர் திருட்டு, குடியிருப்பைப் பராமரிக்கும் நகர மன்றம் அறிவிப்புப் பலகை வைக்கும்.

•

வரைபலகை எழுதியது:

பதினோராம் மாடி அக்கா மூன்றாவதாகச் சொன்னதை நான் என் வரைபலகையின் மேல் எழுதி ஒட்டிவைக்கப் போகிறேன். ஒப்பீட்டுக்கு டக்ஸ்டனில் உள்ள பினக்கிள் குடியிருப்பை எடுத்துக்கொள்ளலாம். ஏழு புளோக், 50 மாடி, 1,848 வீடு. 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் எல்லாப் புளோக்குகளையும் இணைக்கும் வான்பாலங்கள் உண்டு. 26ஆம் மாடி குடியிருப்பாளர்களுக்கு மட்டும் உரியது. 50ஆம் மாடிக்கு வெளியாரும் கட்டணம் கட்டிவிட்டு வரலாம். பொறியியலாக அது பெருஞ்சாதனை. ஆனால் அது ஓடுவதற்கும் ஊரைப் பார்ப்பதற்கும் உரிய இடம். கறிவேப்பிலைக்கு உரிய இடம் என்று அதை யாரும் நினைக்க மாட்டார்கள்.

படியமைப்புக்கு இதில் ஓர் இயல்பான ஆதாயம் உண்டு. அது ஒரே பெரிய கூரையைப் பல சிறு கூரைகளாகத் தானே பிரித்துவிடுகிறது. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் இருக்கும் வீடுகளை அதற்கு உரியவர்களாக்கினால் அக்கா சொல்லும் எண்ணிக்கை தானாக அமையும். பிரித்த பிறகு அந்தப் படிக்கு வாசல் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். பராமரிப்பு ஊழியர் மட்டும் நுழையும் சிறு கதவை வைத்துவிட்டு வரைபடத்தில் ‘பொதுத் தோட்டம்’ என்று எழுதுவது எங்கள் தொழிலின் பழைய பழக்கம். கீழிருந்து பார்ப்பவருக்குப் பச்சை தெரியும், மேலே இருப்பவருக்குப் பூட்டு தெரியும்.

மேற்பார்வையாளரின் கார்க் கூரை யோசனையைப் பாதி ஏற்கிறேன். ஆழமான மண்ணும் மரமும் கார் நிறுத்தத்தின் மேல் இருக்கட்டும். படிகளில் கனம் குறைந்த மண்கலவையை நிரப்பிய தொட்டிகளை, தளத்தைத் தொடாமல் கால் வைத்து நிறுத்தலாமே? படலத்தைப் பரிசோதிக்க வேண்டிய நாளில் தொட்டியை நகர்த்தினால் போதும்.

•

மேற்பார்வையாளர் எழுதியது:

நகர்த்தலாம், நகர்த்துவதற்கு ஆள் இருந்தால். நனைந்த தொட்டி ஒன்றை நகர்த்த நான்கு பேர் வேண்டும், அதன் கால் இழுபட்டுப் படலத்தைக் கீறாமலும் இருக்க வேண்டும். ஆனாலும் தோண்டி எடுப்பதைவிட இது மேல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

தொட்டி வைப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது இரண்டு வடிகால் வாய் வையுங்கள், அவற்றுக்கு மேல் வழிந்தோட ஒரு துவாரமும் வையுங்கள். சுமத்திராவிலிருந்து விடியற்காலையில் வரும் புயல்மழை அரை மணி நேரத்தில் எல்லா இலையையும் அடித்துக்கொண்டு வந்து ஒரு வாயில் அடைத்துவிடும். அப்போது தோட்டம் குளமாகி, குளம் வீட்டு வாசலைத் தாண்டும்.

•

மழைநீர் எழுதியது:

வடிகால் பேச்சு வந்ததால் நுழைகிறேன். இந்த விவாத இழை நீர்வழியைப் பற்றித் தொடங்கியது. இதுவரை எல்லோரும் நீரை ஒரு காட்சியாகவே பேசியிருக்கிறீர்கள். அது குடிநீர்.

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. பொங்கோல் நீர்வழியின் இரு முனையிலும் இருப்பவை நீர்த்தேக்கங்கள். ஆகவே படித்தளத் தோட்டத்தில் போட்ட உரத்தில் செடி உண்டது போக மிச்சம், வடிகால் வாய் வழியாக இறங்கி நீர்வழிக்குப் போய்ச் சேருகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கூடினால் பாசி செழிக்கும், நீர் பச்சையாகும், அதைச் சுத்திகரிக்கும் செலவு நம் எல்லோர் தலையிலும் விழும். ஒரு வீட்டுக்காரர் ஒரு கைப்பிடி உரத்தைக் கூடுதலாகத் தூவுவது பெரிய குற்றமில்லைதான். கரை நெடுக ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கும்போது கைப்பிடி என்பது மூட்டையாகிவிடும்.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் தொடங்கிய ஏபிசி (துடிப்பான, அழகான, தூய்மையான) நீர்த் திட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது. கட்டடத்திலிருந்து வரும் மழைநீரை நேரே வாய்க்காலில் விடாமல், தரையில் ஒரு மழைத்தோட்டத்தில் நிறுத்துகிறார்கள். மேலே நாணலும் புல்லும், அடியில் அரை மீட்டர் அளவு மணல்கலந்த வடிமண், அதற்கும் கீழே பருமணல், சரளை, துளையிட்ட குழாய். நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடுவதால் கொசு முட்டையிட நேரமில்லை. வண்டலும் சத்துகளும் பெருமளவு மண்ணிலும் வேரிலும் தங்கிவிடுகின்றன. ஆகவே படிகளிலிருந்து வரும் குழாய்கள் கரையோர மழைத்தோட்டத்தில் முடிய வேண்டும் என்பதை வடிவமைப்பின் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். குழாய் கரையைத் தாண்டி நீருக்குள் போய்விட்டால் பிறகு திருப்பிக் கொண்டுவருவது கடினம். கட்டட மட்டம், குழாய்ச் சரிவு எல்லாம் அதற்கு ஏற்பக் கட்டி முடிந்திருக்கும்.

முகத்துவாரங்கள் அடைக்கப்பட்டதால் இந்த நீர்வழியில் கடலின் ஏற்ற இறக்கம் இல்லை. அதனால்தான் வீடுகளும் நடைபாதையும் நீருக்கு இவ்வளவு நெருக்கமாக வர முடிந்தது. பீஷான் பூங்காவில் கதை வேறு. அங்கே 2.7 கிலோமீட்டர் நேரான காங்கிரீட் வாய்க்காலாக இருந்த காலாங் ஆற்றை, 2012இல் 3 கிலோமீட்டருக்கு மேல் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். மழை பெய்தால் புல்வெளி மீது நீர் ஏறும், அதற்கென்றே புல்வெளியை விட்டிருக்கிறார்கள். அந்தக் கரையில் யாராவது பொங்கோலைப் பார்த்து அதே நெருக்கத்தில் வீடு கட்டக் கிளம்பினால், ஆறு ஏறி வரும் இடத்தில் கூடத்தை வைத்தது போலாகும்.

•

பதினோராம் மாடி எழுதியது:

மழைநீர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் பேசினோம். கடையில் வாங்கும் நீல மணி உரத்தை இனி வேண்டாம் என்று முடிவு செய்தோம். மட்கிய காய்கறித் தோல் போதும். ஆனால் மட்க வைக்கும் பெட்டியை எங்கே வைப்பது என்பதில் இரண்டு வாரமாகச் சண்டை. மணம் வரும் என்று ஒருவர், கரப்பான் வரும் என்று ஒருவர். தோட்டம் வரைகிறவர்கள் அதற்கும் ஓர் ஓரத்தை, காற்றுப் போகும் திசை பார்த்து, முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால் புண்ணியமாகப் போகும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். டெங்கிச் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். மழைக்காலத்தில் நாங்கள் நாள்தோறும் கவிழ்த்துப் பார்த்தும் ஒன்றில் புழு நெளிந்தது.

•

கரையோரவாசி எழுதியது:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒரு திருத்தம். நான் நேர்க் கோபுரத்தையும் படியமைப்பையும் எதிரெதிராக நிறுத்தினேன். பின் வரிசை வீடுகளைப் பற்றி வரைபலகை சொன்ன பிறகு அந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. படி இருக்கட்டும். அதில் ஏறுவதற்கு வாசல் இருக்கிறதா, எத்தனை வீட்டுக்கு அது உரியது, அதன் நீர் எங்கே போய் முடிகிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

நேற்று மாலை என் சொந்தப் புளோக்கில் ஆறாம் மாடியில் இருக்கும் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஏழாண்டுகளாக இங்கே இருந்தும் அது நான் அங்கே கால்வைத்த இரண்டாவது முறை. மின்தூக்கியிலிருந்து தோட்டத்தை அடைய இரண்டு கதவுகள். இரண்டாவது கதவு உட்பக்கம் இழுத்தால்தான் திறக்கிறது, கையில் வாளியோடு போகிறவர் வாளியைக் கீழே வைத்துத்தான் ஆக வேண்டும். வடிகால் வாய் ஒன்றுதான் கண்ணில் பட்டது, அதிலும் கடதாசிப் பூக்கள் அடைத்திருந்தன. கையால் அள்ளி ஓரமாகப் போட்டேன். குழாய் இருக்கிறது. பிடி இல்லை.

நகர மன்றத்துக்கு இன்று காலை மின்னஞ்சல் எழுதிவிட்டேன். பதினோராம் மாடி அக்கா, உங்கள் குழுவுக்குப் பிடி கிடைத்தது எப்படி, யாரிடம் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

•

பதினோராம் மாடி எழுதியது:

கடிதம் எழுதிப் பயன் இல்லை, தம்பி. துப்புரவு ஊழியர் காலை ஏழு மணிக்கு வருவார். ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு கீழே போங்கள். எங்களுக்கு அவர்தான், ‘நகர மன்றத்தில் பிடியைக் கேட்காதீர்கள், தோட்டக் குழுவாகப் பெயர் பதிய வேண்டும் என்று கேளுங்கள், பதிந்தால் பிடி தானாக வரும்’ என்று வழி சொன்னார். பதிவதற்குச் சில வீட்டுக்காரர்களின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதற்காகக் கதவு தட்டியபோதுதான் எங்கள் மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரிந்தது.